ஈஸி சாரின் நடைபயணம்

பொதுமக்களிடமிருந்து ஒரு மனு வந்தால் மூன்று நாளைக்குள் ஒப்புகை கொடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்பதையாவது எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இது விதி. நான் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த விதியை நினைவூட்டிப் பல பிரிவுகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறேன். அந்தச் சுற்றறிக்கைகளுக்கும் ஒப்புகை வந்ததில்லை.

ஈஸி சாரின் மனு இந்த விதிக்குள் வரும். ஈஸி சார் எந்த விதிக்குள்ளும் வரமாட்டார். தாம்பரத்திலிருந்து புறப்படுகிற எல்லா பஸ்களிலும் ஏறி, எல்லாக் கடைசி நிறுத்தங்களிலும் இறங்கி, காடு மேடு என்று ஊரெல்லாம் நடந்து, ஆனால் ஒரு மேட்டில்கூட ஏறாமல் வீடு திரும்பிய மனிதர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

எங்கள் காலனியில் அவர் பெயரைத் தெரிந்தவர்கள் குறைவு. வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். ஓய்வு பெற்ற மறு வாரமே ஞாயிற்றுக்கிழமை நடை ஒன்றை ஆரம்பித்தார். அரசு பஸ்ஸில் போக வேண்டும், ஊருக்கு வெளியே இறங்க வேண்டும், சமதரையில் மட்டும் நடக்க வேண்டும், அதே பஸ்ஸில் திரும்ப வேண்டும். ஆட்டோ கூடாது, மகன் கார் கூடாது. எந்த வழியைக் கேட்டாலும் ஒரே பதில்: "ஈஸிதான் சார்." முள் காலைக் கிழித்த வழியும் ஈஸி, எருமை துரத்திய வழியும் ஈஸி. பெயர் அப்படித்தான் வந்தது.

திருநீர்மலைக்கு ஒரு தடவை கூட்டிப்போனார். மலைமேல் கோயில். மற்றவர்கள் படியேறத் தயாரானபோது அவர் அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"காலம் பூரா ஆளுங்களை மேல அனுப்பி வெச்சாச்சு. எனக்கு மேல ஒண்ணும் வேலை இல்ல. லிஃப்ட் போட்டா சொல்லுங்க, பெல்ட் சரியா இருக்கான்னு பார்க்க வரேன்."

பெரும்பாக்கம் பக்கத்தில் ஏரி ஒன்று இருக்கிறது, கரையோரமாக நடக்கலாம், சுத்தமாக ஈஸி என்று இன்னொரு வாரம் கூட்டிப்போனார். பஸ்ஸை விட்டு இறங்கினால் கேட் போட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. செக்யூரிட்டி வழிமறித்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். ஈஸி சார் மிகுந்த மரியாதையுடன், "ஏரியை" என்றார். அந்தப் பையன் வடக்கிலிருந்து புதிதாக வந்தவன். பெரிய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏரி எந்த பிளாக்?" என்றான். எங்களுடன் வந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, நாங்கள் ஹெச்.எம். அம்மா என்று கூப்பிடுகிறவர், கட்டடத்தை மேலும் கீழும் பார்த்தார். "எல்லா பிளாக்கும்தான் தம்பி" என்றார். அப்படியே திரும்பி வந்தோம்.

விசில் விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும், பின்னால் தேவைப்படும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவில் ஈஸி சார் ஒரு விசிலைக் கண்டெடுத்தார். ஆட்களைத் திரட்ட வசதி என்று கழுத்தில் மாட்டிக்கொண்டார். அந்த ஞாயிறு தாம்பரம் பஸ் நிலையத்தில் படப்பை வழி போகும் பஸ்ஸின் பக்கத்தில் நின்றுகொண்டு, டீக்கடையில் சிதறி நின்ற எங்களைக் கூப்பிடுவதற்காக இரண்டு முறை ஊதினார். இரண்டு விசில் என்றால் வண்டியை எடு என்று அர்த்தம். டிரைவர் எடுத்துவிட்டார். நாங்களும் டீக்கடையில், கண்டக்டரும் டீக்கடையில்.

ஜி.எஸ்.டி. சாலை சிக்னலில் பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடித்த கண்டக்டர், நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியதும் ஈஸி சாரின் கழுத்தைப் பார்த்தார்.

"இன்னா சார் நீ, வயசாச்சு, விசில் வெச்சிகினு வெள்ளாடுறியா? என் வேலைக்கு ஒல வெச்சிருப்ப."

"வண்டி நல்ல பிக்கப்பா" என்றார் ஈஸி சார்.

அன்றிலிருந்து அந்தக் கண்டக்டருக்கும் அவருக்கும் ஆகாது. எங்கள் துரதிர்ஷ்டம், ஞாயிறுதோறும் அந்த வண்டியில் அவர்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முக்கியமானதை ஒளித்து வைத்துக் கடைசிப் பக்கத்தில் எடுப்பது கதை எழுதுகிறவர்கள் வேலை. கோப்பு எழுதிப் பழகியவன் பொருளை முதலிலேயே போடுவான். எனக்கே இவ்வளவு தாமதமாகிவிட்டது.

ஈஸி சாரின் மனைவிக்கு மறதி நோய் வந்தது. முதலில் சாவி, பிறகு சமையல், பிறகு தெரு. ஒரு நாள் கேஸைத் திறந்து விட்டுவிட்டுக் கோலம் போடப் போய்விட்டார். இன்னொரு நாள் ஜி.எஸ்.டி. சாலை நடுவில் நின்று, வருகிற லாரிகளை வழி கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் வைத்துப் பார்க்க முடிந்த வரை பார்த்துவிட்டு, படப்பை தாண்டி ஏரிக்கரை ஒன்றின் முனையில் இருந்த காப்பகத்தில் சேர்த்தார். ஊர்ப் பெயர் வேண்டாம். நல்ல இடம்தான்.

முதல் ஞாயிறு ஈஸி சார் தனியாகப் பார்க்கப் போனார். தனியாக ஒரு ஆண் தன்னை நோக்கி நடந்து வருவதைப் பார்த்ததும் அந்தம்மா அலறிவிட்டார். யாரோ வீடு புகுந்துவிட்டான் என்று அறைக்குள் ஓடிக் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டார். இரண்டாவது ஞாயிறும் அதேதான். இப்படியே போனால் உள்ளே விட முடியாது என்று மேட்ரன் சொல்லிவிட்டார்.

மூன்றாவது ஞாயிறு அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஏரிக்கரை நடை, ஈஸிதான் சார் என்று மட்டும் சொன்னார். அவரையும் சேர்த்து நாங்கள் பத்துப் பேர், தொப்பி, துண்டு, தண்ணீர் பாட்டிலுடன் கரை மேல் வரிசையாக வருவதை அந்தம்மா வராந்தாவிலிருந்து பார்த்தார். அலறவில்லை. எழுந்து நின்று கை காட்டினார். அவர் பிறந்த வீடு பாதயாத்திரை போகிறவர்கள் வழியில் இருந்ததாம். சின்ன வயதில் வாசலில் நின்று யாத்திரைக்காரர்களுக்கு மோர் ஊற்றியவர். மறதி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது, அதை விட்டுவிட்டது. எங்களை வாசலில் நிறுத்தி வைத்து, சொம்பை வாங்கி, ஒவ்வொரு டம்ளராகத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். கணவருக்கும் கொடுத்தார்.

"இன்னும் ரொம்ப தூரமாங்க?" என்று அவரைக் கேட்டார்.

"இல்லம்மா. கொஞ்சம்தான். ஈஸிதான்."

ஆக, நிலைமை இதுதான்: அந்த மனிதர் தன் மனைவியைப் பார்க்க வேண்டுமானால் ஒரு கூட்டம் வேண்டும். கூட்டம் இல்லாவிட்டால் அவர் திருடன்.

அதன் பிறகு எங்கள் நடையில் ஒரு விசித்திரம் ஏற்பட்டது. மணிமங்கலம் வழி ஒரு வாரம், படப்பை வழி ஒரு வாரம், வண்டலூரில் வண்டி மாறி ஒரு வாரம். வயல் வரப்பு, மதகு, புளியந்தோப்பு. ஒவ்வொன்றையும் புது வழி என்று அறிவிப்பார். எல்லாம் அந்த ஏரியில்தான் போய் முடியும். "பூகோளம் படிச்சுக் குடுத்தவ நான். எந்தத் திசையில போனாலும் ஒரே ஏரி வர்றது இங்க மட்டும்தான்" என்பார் ஹெச்.எம். அம்மா. சொல்வாரே தவிர ஒரு ஞாயிறு தவறமாட்டார். ஞாயிறன்று காலையில் காலனியில் யாருக்கும் முட்டி வலிக்கக் கூடாது என்று எழுதாத சட்டம் ஒன்று அமலுக்கு வந்தது.

அப்புறம் சாலையை அகலப்படுத்தினார்கள். ஏரிக்கரை முனையில் இருந்த நிறுத்தத்தின் நிழற்குடையை இடித்தார்கள், வேலை முடிந்ததும் திரும்பக் கட்டவில்லை. நிறுத்தமே பட்டியலிலிருந்து போய்விட்டது. அடுத்த நிறுத்தம் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, புது ஃபிளாட்டுகளின் வாசலில். அங்கிருந்து ஏரிக்குத் திரும்பி வர வேண்டுமானால், மறைமலை நகருக்கும் ஒரகடத்துக்கும் உதிரிபாகம் ஏற்றிப் போகும் லாரிகளோடு தோளுரசி நடக்க வேண்டும். நடைபாதை கிடையாது.

கண்டக்டரிடம் கெஞ்சிப் பார்த்தோம்.

"அங்க ஸ்டாப்பிங் இல்ல சார். நிறுத்துனா எனக்கு மெமோ. உனக்கு இன்னா, விசில ஊதிட்டுப் போய்டுவ."

கூட்டம் குறைய ஆரம்பித்தது. லாரிக்குப் பயந்து இருவர் நின்றுவிட்டார்கள். ஒருவரை மகள் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். எங்கள் தெருக்கோடி வங்கி அதிகாரி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பேப்பர் படித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அவருக்கு மாலை போட்டுவிட்டு வெளியே வந்ததும் ஈஸி சார் என் காதோரம், "ஆறு பேர் ஆயிட்டோம் சார்" என்றார். துக்க வீட்டு வாசலில் இப்படிக் கணக்குப் பார்க்கிற ஆளை வேறு யாராக இருந்தாலும் நான் வெறுத்திருப்பேன்.

மனு போடலாம் என்று நான்தான் சொன்னேன். பழைய நிறுத்தத்தைத் திரும்பக் கொடுங்கள் என்று ஒரே கோரிக்கை. முறைப்படி எழுதினேன். பொருள், பார்வை, கோரிக்கை, இணைப்பு. மூத்த குடிமக்கள் ஞாயிறுதோறும் 'நடைப்பயிற்சி' மேற்கொள்ளும் இடம் என்று எழுதியிருந்தேன். ஈஸி சார் படித்துவிட்டு அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"பயிற்சின்னா என்னிக்காவது ஒரு பரீட்சை எழுதணும் சார். நமக்கு இனிமே என்ன பரீட்சை? பயணம்னு போடுங்க. அவ அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கா."

நான் ஆட்சேபித்தேன். நடைபயணம் என்ற சொல்லை இந்த நாட்டில் கட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது, வீணான குழப்பம் வரும் என்றேன். "ஈஸிதான் சார்" என்று என் பேனாவை வாங்கி, பயிற்சியை அடித்துவிட்டுப் பயணம் என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டார். திருத்தத்துக்குச் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பதை என்னிடம்தான் கற்றிருந்தார்.

மூன்று நாளில் ஒப்புகை வரவில்லை. ஒரு மாதத்தில் பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். கோப்பு எங்கே போனது என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு மதியம் போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்து இறங்கியபோதுதான் தெரிந்தது. மனுவில் நடைபயணம் என்ற சொல்லைக் கண்ட யாரோ ஒரு எழுத்தர், இது நம் பிரிவைச் சேர்ந்ததல்ல, சட்டம் ஒழுங்கு என்று குறிப்பெழுதிக் காவல் துறைக்கு மாற்றியிருக்கிறார். முறைப்படி அது சரி. அதுதான் எரிச்சல்.

ஈஸி சார் வீட்டுக் கூடத்தில் விசாரணை நடந்தது. நானும் ஹெச்.எம். அம்மாவும் உடன் இருந்தோம். போலீஸ்காரர் இளைஞர், களைத்திருந்தார்.

"எந்தக் கட்சி சார் நீங்க?"

"முட்டி வலிக் கட்சி" என்றார் ஹெச்.எம். அம்மா.

அவர் அதை எழுதவில்லை. கொடி உண்டா, மைக் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். எத்தனை பேர் கலந்துகொள்வார்கள் என்றார்.

"போன மாசம் ஆறு. இந்த மாசம் யார் யார் இருக்காங்கன்னு பார்த்துச் சொல்றேன்" என்றார் அம்மா.

"முடிவுல என்ன நிகழ்ச்சி? பொதுக்கூட்டமா?"

"தண்ணி குடிப்போம்" என்றார் ஈஸி சார்.

"உண்ணாவிரதமா?"

"இல்லப்பா. ஒரு அம்மா தண்ணி குடுப்பாங்க. குடிச்சிட்டு வந்துடுவோம்."

போலீஸ்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'தண்ணீர் குடிக்கும் நிகழ்ச்சி' என்று எழுதிக்கொண்டார். தலைவர் யார் என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஈஸி சாரைக் காட்டினோம். தலைவர் என்று கையெழுத்துப் போடும்போது அவர் முகத்தில் வெட்கம்கூடத் தெரிந்தது. நான் குறுக்கிட்டு, கோரிக்கை பஸ் நிறுத்தம் பற்றியது, நடப்பதற்கு எங்களுக்கு அனுமதி தேவையில்லை என்று விளக்கினேன். அது வேறு டிபார்ட்மெண்ட் சார் என்று சொல்லிவிட்டு அவர் பைக்கை உதைத்தார்.

அந்த மாதம் நான்கு பேர் ஆனோம். அந்தம்மா சொம்புடன் நின்று எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மற்றவர்கள் பின்னால் வருகிறார்களா என்று கேட்டார். வருகிறார்கள் என்று ஹெச்.எம். அம்மா சொன்னார். தண்ணீரை ஊற்றும்போது எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்குக்குக் கீழே போனால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

லாரிச் சாலைதான் ஆட்களை விரட்டுகிறது. அதற்கு ஈஸி சார் ஒரு தீர்வு கண்டுபிடித்தார். பழைய நிறுத்தத்தின் வளைவில் ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். அங்கே பஸ் ஏறக்குறைய நின்றுவிடும். "ஏறக்குறைய நிக்கிற லிஃப்ட்ல எத்தனை தடவை இறங்கியிருக்கேன். ஈஸிதான் சார்" என்றார். நான் தடுத்தேன், கண்டக்டர் கத்தினார். தான் முதலில் இறங்கிக் காட்டினால் மற்றவர்களுக்குப் பயம் போய்விடும் என்பது அவர் எண்ணம். இறங்கினார். லிஃப்ட் மேலே கீழே போவது, பஸ் முன்னால் போவது. அந்த வித்தியாசத்தில் இடுப்பு எலும்பு முறிந்தது.

பஸ்ஸை நிறுத்தியது கண்டக்டர்தான். ஒரே ஒரு விசில், நீளமாக. இறங்கி ஓடிப்போய் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "சொன்னா கேக்க மாட்டியா சார் நீ, பேஜார் புடிச்ச ஆளு" என்று திட்டிக்கொண்டே தன் துண்டால் அவர் முகத்தைத் துடைத்தார்.

ஆபரேஷன் செய்தார்கள். எழுந்து நடப்பார் என்றார்கள், பிறகு நுரையீரலில் சளி என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. படுத்த இடத்திலிருந்து அவர் எங்களுக்கு இட்ட உத்தரவு ஒன்றுதான். ஞாயிறு தவறக் கூடாது. நாங்கள் போனோம். விழுந்த செய்தி காலனியில் பரவி, நின்றுபோனவர்கள் இருவர் திரும்பி வந்தார்கள். ஆட்களைக் கூட்ட அவருக்கு இதைவிட ஈஸியான வழி கிடைக்கவில்லை போலிருக்கிறது. கண்டக்டர் அந்த வளைவு வந்ததும் எங்களைப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரே ஒரு விசில் ஊதினார். வண்டி முழுதாக நின்றது. ஆர்டர் இல்லை, மெமோவுக்கும் அவர் பயப்பட்டதாகத் தெரியவில்லை.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, அந்தம்மா எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றி முடித்த பிறகு சொம்பைக் கீழே வைக்காமல் நின்றார்.

"ஒருத்தர் வருவாரே," என்றார். "ஈஸி ஈஸின்னு சொல்லிக்கிட்டு. அவர் எங்க?"

அன்று மாலையே நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நடந்ததை அப்படியே சொன்னேன், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்.

"நீங்க என்ன சொன்னீங்க சார்?"

"அடுத்த வாரம் வருவார்னு சொன்னேன்."

அவர் மெல்லத் தலையை அசைத்தார்.

"அது கஷ்டம் சார்."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அடுத்த ஞாயிறுக்குள் முடிந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை எரியூட்டினோம், மறுநாள் ஏரிக்குப் போனோம். அந்தம்மா தண்ணீர் ஊற்றினார். அவரைப் பற்றி அதற்கப்புறம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று பஸ்ஸில் கூடிப் பேசி ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தோம், அது இன்னும் பயன்படவில்லை.

அதற்குப் பிறகுதான் மனுவுக்குப் பதில் வந்தது. பஸ் நிறுத்தம் பற்றி அதில் ஒரு வரி இல்லை. தங்கள் நடைபயணத்துக்கு ஆட்சேபணை இல்லை, கீழ்க்கண்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு அனுமதி வழங்கப்படுகிறது என்று இருந்தது. சாலையின் இடது ஓரமாக வரிசையில் செல்ல வேண்டும். கொடி, ஒலிபெருக்கி கூடாது. கோஷம் எழுப்பக் கூடாது. முடிவில் நடைபெறும் தண்ணீர் குடிக்கும் நிகழ்ச்சி அமைதியான முறையில் நடத்தப்பட வேண்டும். நடைபயணத்தின் தலைவர் தொடக்கம் முதல் முடிவு வரை அனைவருக்கும் முன்னால் சென்று வழிநடத்த வேண்டும்.

வேலையில் இருந்திருந்தால் இந்த ஆணையின் ஓரத்தில் நான் குறிப்பு எழுத வேண்டியிருந்திருக்கும். கோஷம் பற்றிய நிபந்தனையை நாங்கள் வாராவாரம் மீறுகிறோம். கரை மேல் யாராவது கொஞ்சம் தடுமாறினால் போதும், பின்னால் இருக்கிற எல்லோரும் ஒரே குரலில் "ஈஸிதான் சார்" என்கிறோம். மற்ற நிபந்தனைகள் எல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகின்றன. கடைசி நிபந்தனையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடிதம் என் கைக்கு வந்தது ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு.